நூறு விழுக்காடும் நாற்பது டிகிரியும்: மடிக்கணினி பேட்டரி ஏன் சீக்கிரம் தளர்கிறது?

மடிக்கணினி பழுதுபார்க்கும் கடைகளில் ஓயாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "சார்ஜரை எப்பவும் சொருகியே வைக்கலாமா, நூறு ஆனதும் எடுத்துடணுமா?" பதில் கடைக்குக் கடை மாறும். "எடுத்துடுங்க, ஓவர் சார்ஜ் ஆயிடும்" என்பார் ஒருவர். "சொருகியே வைங்க, அப்பதான் சைக்கிள் குறையும்" என்பார் அடுத்த கடைக்காரர். "மாசம் ஒரு தடவை சுத்தமா இறக்கி, திரும்ப ஃபுல்லா ஏத்துங்க" என்று மூன்றாமவர் சொல்வார். மூவரும் பல பேட்டரிகளைக் கையாண்டவர்கள். யாரும் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. ஆனால் மூன்று அறிவுரைகளும் மூன்று வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நோக்கத்தில் பிறந்தவை. எது எங்கிருந்து வந்தது, எது இன்றும் செல்லும் என்று பிரித்துப் பார்த்தால்தான் தெளிவு கிடைக்கும்.

கடைசி அறிவுரைதான் வயதில் மூத்தது. தொடக்ககால மடிக்கணினிகளில் இருந்தவை நிக்கல்-காட்மியம் பேட்டரிகள். பிறகு நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு வந்தது. நிக்கல்-காட்மியத்தை ஒவ்வொரு முறையும் பாதியிலேயே நிறுத்தி மீண்டும் சார்ஜ் ஏற்றினால், அந்தப் பாதிக்குக் கீழே அதன் மின்னழுத்தம் சரியத் தொடங்கிவிடும். இதைத்தான் 'மெமரி எஃபெக்ட்' என்றார்கள். முழுக்க இறக்கி முழுக்க ஏற்றுவது அதற்குச் சரியான மருந்து. 1991இல் சோனி நிறுவனம் லித்தியம்-அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளமிட்டவர்கள் மூவர்: 1970களில் எக்ஸான் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டான்லி விட்டிங்ஹாம், 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் லித்தியம் கோபால்ட் ஆக்சைடை முன்வைத்த ஜான் குட்இனஃப், 1985இல் ஜப்பானின் அசாஹி கசெய் நிறுவனத்தில் கார்பன் எதிர்மின்முனையுடன் பாதுகாப்பான மாதிரியை உருவாக்கிய அகிரா யோஷினோ. 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் இம்மூவருக்கும் கிடைத்தது. 1990களின் இறுதிக்குள் மடிக்கணினிகள் பெரும்பாலும் லித்தியத்துக்கு மாறிவிட்டன. உள்ளே இருந்த வேதியியல் அடியோடு மாறியும், 'சுத்தமா இறக்கி ஏத்து' என்ற பேச்சு மட்டும் மாறவில்லை. லித்தியம்-அயானுக்கு அந்த மருந்து தேவையில்லை. அடிக்கடி கொடுத்தால் கெடுதலே.

'ஓவர் சார்ஜ்' பயத்தை அடுத்துப் பார்ப்போம். வழக்கமான லித்தியம்-அயான் கலம் ஒன்று 4.2 வோல்ட்டில் முழுமை அடைகிறது. மூன்று வோல்ட்டை ஒட்டி வெறுமையாகிறது. மடிக்கணினி பேட்டரிக்குள் இத்தகைய கலங்கள் சிலவும், அவற்றைக் கண்காணிக்கும் ஒரு மின்சுற்றும் இருக்கின்றன. எல்லையைத் தொட்டதும் அச்சுற்று சார்ஜை நிறுத்திவிடும். அதன்பின் கணினி நேரடியாக அடாப்டரின் மின்சாரத்தில் ஓடும், பேட்டரி சும்மா நிற்கும். சில விழுக்காடு தானாக இறங்கிய பிறகே மீண்டும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளும். ஆகவே இரவெல்லாம் சொருகி வைத்தாலும் அளவுக்கு மீறி மின்சாரம் உள்ளே போகாது. இந்த அளவில் பயம் வீண்.

ஆனால் பேட்டரி அந்த 4.2 வோல்ட்டில், மாதக்கணக்கில், சூடான ஒரு பெட்டிக்குள் நின்றுகொண்டிருக்கிறது. சிக்கல் அங்கேதான்.

கலம் முதன்முதலாகச் சார்ஜ் ஆகும்போதே அதன் கிராஃபைட் மின்முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மின்பகுளி திரவம் சிறிதளவு சிதைகிறது. அந்தச் சிதைவிலிருந்து, காய்ச்சிய பாலின் மேல் ஏடு படிவதுபோல, கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. இந்தப் படலம் இல்லாவிட்டால் பேட்டரியே இல்லை. மேற்கொண்டு சிதைவு நடக்காமல் அதுதான் காக்கிறது. ஆனால் அதன் வளர்ச்சி முழுவதும் நிற்பதில்லை. பேட்டரியின் ஆயுள் முழுக்க அது மெல்ல மெல்லத் தடிக்கும். தடிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் லித்தியம் அதற்குள் சிக்கிக்கொள்ளும். சிக்கிய லித்தியம் பிறகு மின்சாரம் தராது. மறுபுறம் நேர்மின்முனையில், உயர் மின்னழுத்தத்தில் மின்பகுளி ஆக்சிஜனேற்றம் அடைந்து வாயுவாகப் பிரிகிறது. நாம் கணினியைத் தொடாமல் வைத்திருந்தாலும் இவை இரண்டும் நடக்கும். ஆய்வாளர்கள் இதை நாட்பட்ட மூப்பு என்றும், சார்ஜ் ஏற்றி இறக்குவதால் வரும் தேய்மானத்தைச் சுழற்சி மூப்பு என்றும் பிரித்துப் பேசுகிறார்கள். நம் கடைப் பேச்சு முழுவதும் சுழற்சியைப் பற்றியே இருக்கிறது. மேசையில் வைத்து, சார்ஜர் சொருகியபடியே பயன்படுத்தும் மடிக்கணினிகளில் பேட்டரியைக் கொல்வது பெரும்பாலும் நாட்பட்ட மூப்புதான்.

கனடாவின் கேடெக்ஸ் நிறுவனத்தை நிறுவிய இசிடோர் புக்மன், 'பேட்டரி யுனிவர்சிட்டி' என்ற பெயரில் பல ஆண்டுகளாகத் தொகுத்துவரும் தகவல்களில் ஓர் அட்டவணை உண்டு. லித்தியம்-அயான் பேட்டரியை ஓராண்டு சும்மா வைத்தால் எவ்வளவு கொள்ளளவு மிஞ்சும் என்ற கணக்கு அது. 25 டிகிரி செல்சியஸில், 40 விழுக்காடு சார்ஜில் வைத்தால் மிஞ்சுவது 96 விழுக்காடு. அதே வெப்பத்தில் முழுச் சார்ஜில் வைத்தால் 80. வெப்பம் 40 டிகிரியானால், 40 விழுக்காடு சார்ஜில் 85 மிஞ்சும். முழுச் சார்ஜில் 65தான். இவை பொதுவான மதிப்பீடுகள். கலத்தின் வகைக்கும் தரத்துக்கும் ஏற்ப மாறும். ஆயினும் இந்த எண்கள் காட்டும் திசை தெளிவானது. வெப்பம் மட்டும் கூடினால் இழப்பு 4இலிருந்து 15 ஆகிறது. நிறைவு மட்டும் கூடினால் 20 ஆகிறது. இரண்டும் சேர்ந்தால் 35 ஆகிறது. ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது.

இந்த 40 டிகிரியை நம் ஊரில் தேடிப் போக வேண்டியதில்லை. அக்னி நட்சத்திர நாட்களில் வேலூரிலும் திருத்தணியிலும் மதுரையிலும் நிழலிலேயே அந்த அளவைத் தாண்டுகிறது. குளிர்சாதனம் இல்லாத அறையில் ஓடும் கணினியின் உட்புறம் அறையைவிட இன்னும் சூடாகவே இருக்கும். ஆப்பிள் நிறுவனம் தன் மடிக்கணினிகளை 10 முதல் 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. சித்திரை, வைகாசியில் தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் பிற்பகல் மூன்று மணிக்கு அந்த மேல் எல்லை எட்டாத குளிர்ச்சிதான். மெத்தையின் மேல் கணினியை வைத்துக் காற்றுத் துளைகளை அடைத்துவிட்டால் உள்ளே என்ன நிலை என்று சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் நிறுத்திய காரின் பின்னிருக்கையில் விட்டுப் போவது அதைவிடக் கொடுமை. கூலிங் பேட் வாங்குவதா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முன், கணினியைக் கெட்டியான பலகையின் மேல் வைத்து, துளைகளில் அடைந்த தூசியைத் துடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

நிறைவைப் பொறுத்தவரை இன்னும் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. 2016இல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், சார்ஜ் அளவு கூடக் கூட மூப்பும் ஒரே சீராகக் கூடுவதில்லை என்று கண்டார்கள். 20, 30 விழுக்காடு அகலத்துக்கு மூப்பின் வேகம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது; பிறகு ஒரு படி ஏறுகிறது. கிராஃபைட் பாதிக்கு மேல் லித்தியத்தால் நிரம்பியபின் வேகம் கூடிவிடுகிறது. ஆகவே 47இல் நிறுத்துவதா 52இல் நிறுத்துவதா என்று ஒவ்வொரு விழுக்காட்டையும் எண்ணிக்கொண்டிருப்பது வீண் கவலை. மாதக்கணக்கில் எடுத்து வைக்கும் கணினியைப் பாதிச் சார்ஜை ஒட்டி வைத்தால் போதும், துல்லியம் தேவையில்லை.

சுழற்சிக் கணக்கிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. சார்ஜரைச் சொருகிய ஒவ்வொரு தடவையும் ஒரு சைக்கிள் என்று பலர் நினைக்கிறார்கள். நூறு விழுக்காட்டு அளவுக்கு மின்சாரம் செலவானால்தான் ஒரு சுழற்சி. பாதி பாதியாக இரண்டு நாள் செலவானாலும் ஒன்றுதான். "கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி ஏற்றினால் ஆயுள் பல மடங்காகும்" என்பதற்கும் புக்மனின் தொகுப்பையே மேற்கோள் காட்டுகிறார்கள். முழுக்க இறக்கினால் ஏறக்குறைய 300 தடவை, 40 விழுக்காடு மட்டும் இறக்கினால் 1,000 தடவை, 20 விழுக்காடு மட்டும் இறக்கினால் 2,000 தடவை என்கிறது அது. பார்க்கப் பெரிய வேறுபாடுதான். ஆனால் பெருக்கிப் பாருங்கள். 1,000 தடவை 40 விழுக்காடு என்பது 400 முழுச் சுழற்சிக்குச் சமம். 2,000 தடவை 20 என்பதும் அதே 400. ஆக, கிடைத்த கூடுதல் பலன் 300க்கு 400. நல்லதுதான், ஆனால் இதற்காக நாள் முழுக்கச் சொருகிப் பிடுங்கிக்கொண்டிருக்கும் அளவுக்கு இல்லை.

மேல் எல்லையைக் குறைப்பதன் பலன் இதைவிடப் பெரிது. கலத்தை 4.2 வோல்ட்டுக்குப் பதில் 4.1 வோல்ட்டில் நிறுத்தினால் கொள்ளளவில் 10 முதல் 15 விழுக்காடு கையில் கிடைக்காது. ஆனால் 300-500 ஆக இருந்த சுழற்சி எண்ணிக்கை 600-1,000 ஆகிறது, அதாவது இரட்டிப்பு. எப்போது ஏற்றுகிறோம், எவ்வளவு இறக்குகிறோம் என்பதைவிட, எங்கே நிறுத்துகிறோம் என்பதே முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த அறிவு கணினி நிறுவனங்களுக்கு நன்றாகவே தெரியும். லெனோவோவில் சார்ஜை முழுமைக்கு முன்பே நிறுத்தும் 'கன்சர்வேஷன் மோட்' இருக்கிறது. ஏசஸில் 60, 80, 100 என்று மூன்று நிலைகள். டெல்லில் 'பெரும்பாலும் மின்இணைப்பில்' பயன்படுத்துவோருக்கென ஒரு தேர்வும், ஏற்றத் தொடங்கும் அளவையும் நிறுத்தும் அளவையும் நாமே குறிக்கும் வசதியும் உண்டு. மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸில் 50 விழுக்காட்டிலேயே நிறுத்தும் ஏற்பாடு, எந்நேரமும் மின்இணைப்பில் இருக்கும் கருவிகளுக்காக வைக்கப்பட்டது. ஆப்பிள் 2020இல் மேக்புக்குகளுக்கு பேட்டரி நலம் காக்கும் மென்பொருளைக் கொடுத்தது. லினக்ஸில் பல கணினிகளுக்கு நாமே எல்லையை எழுதி வைக்கலாம். குறை என்னவென்றால், இவற்றில் பல பயாஸ் திரையின் ஆழத்திலோ, நிறுவனத்தின் தனி மென்பொருளின் மூன்றாம் பக்கத்திலோ ஒளிந்திருக்கின்றன; வாங்கும்போது அணைக்கப்பட்ட நிலையிலேயே பெரும்பாலும் வருகின்றன. பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து பேட்டரி சாகும் நாள்வரை இப்படி ஒரு வசதி இருப்பதையே அறியாதவர்கள்தான் மிகுதி. பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று விளம்பரத்தில் போடும் எண் குறைந்துவிடக் கூடாதே என்ற கவலைதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

எந்த எல்லையை வைப்பது? ஆய்வகக் கணக்குப்படி 60 சிறந்தது. ஆனால் நம் ஊரில் மடிக்கணினியின் பேட்டரி யூபிஎஸ் வேலையும் பார்க்கிறது. 2012இல் சென்னைக்கு வெளியே தமிழ்நாட்டு ஊர்கள் நாளில் பாதிக்கும் மேற்பட்ட நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை நீண்டது. அப்படிப்பட்ட நாட்களில் 60 விழுக்காட்டோடு உட்கார்ந்திருப்பவருக்குப் பேட்டரியின் ஐந்தாண்டு ஆயுளைப் பற்றிய அறிவுரை கசக்கும். எனவே வழக்கமான நாட்களுக்கு 80 என்பதே நம் நிலைமைக்குப் பொருந்தும் நடுவழி. மின்வாரியம் பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை என்று அறிவிக்கும் நாளில், விடியற்காலையில் எல்லையை 100க்கு மாற்றிவிடுங்கள். பயணத்துக்கு முன்பும் அப்படியே. ஒரு நாள் நூறைத் தொடுவதால் எதுவும் கெட்டுவிடாது. மாதக்கணக்கில் நூறிலேயே நிற்பதுதான் கெடுதல்.

அடிமட்டத்தில் உள்ள ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். பூஜ்ஜியத்தில் அணைந்த கணினியை அப்படியே பீரோவில் வைத்துவிட்டால், மிச்சமிருக்கும் துளி மின்சாரமும் தானாக வடியும். மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்துபோனால் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். பாதுகாப்புச் சுற்று அத்தகைய கலத்துக்கு மீண்டும் சார்ஜ் ஏற்ற மறுத்துவிடும். கொரோனா காலத்தில் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த கணினி ஆய்வகங்களைத் திறந்தபோது பேட்டரிகள் உயிர் பெறாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். இந்தத் தானாக வடிதல் பற்றி கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் டான் குழுவினர் வியப்பான ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கலத்துக்குள் மின்முனைச் சுருளைப் பிடித்துவைக்க ஒட்டும் சாதாரண பாலியெஸ்டர் நாடாவே மெல்லச் சிதைந்து, இரு முனைகளுக்கும் இடையே மின்சுமையைக் கடத்தும் வேதிப்பொருளாக மாறுகிறதாம். பேட்டரியின் ஆயுள் எவ்வளவு சிறிய பொருளில் தொங்குகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மூப்பு முற்றிய பேட்டரி தன்னை எப்படி வெளிக்காட்டும் என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். பல கணினிகளில் முதல் அறிகுறி டச்பேடில் தெரியும். சொடுக்கினால் அமுங்காது, கல்லாக நிற்கும். காரணம், அதற்கு நேர் கீழே பேட்டரி இருக்கிறது. அடுத்து, சமமான மேசையில் வைத்தாலும் கணினி இலேசாக ஆடும். விசைப்பலகையின் நடுப்பகுதி எழும்பும். அடிமூடியின் விளிம்பில் மயிரிழை இடைவெளி தெரியும். திறந்தால், தட்டையாக இருக்க வேண்டிய வெள்ளிநிற உறை காற்றடைத்து உப்பியிருக்கும். மேலே சொன்ன வாயு சேர்ந்ததன் விளைவு இது. இந்நிலையில் மூடியை அழுத்தி மூடுவதும், உறையில் ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றப் பார்ப்பதும் தீயை விலைக்கு வாங்குவதாகும். சார்ஜரைப் பிடுங்கி, கணினியை அணைத்து, எரியக்கூடிய பொருட்களிலிருந்து தள்ளி வைத்து, தெரிந்தவரிடம் கொடுத்துக் கழற்ற வேண்டும். தயாரிப்பிலேயே பிழை நேர்ந்தால் என்னாகும் என்பதை 2006 காட்டியது. சோனி தயாரித்த கலங்களுக்குள் நுண்ணிய உலோகத் துகள்கள் கலந்துவிட்டதால் டெல் நிறுவனம் 41 லட்சம் பேட்டரிகளையும், ஆப்பிள் 18 லட்சம் பேட்டரிகளையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

அன்றாடச் சிக்கனத்தில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. திரையின் வெளிச்சத்தைக் குறைப்பதே முதற்படி. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன்: மூடியை மூடினால் கணினி தூங்கிவிட்டது என்று நம்பாதீர்கள். இப்போதைய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் 'ஸ்லீப்' என்பது அரைத் தூக்கம்; இணையத்தோடு தொடர்பு வைத்துக்கொண்டே இருக்கும். அலுவலகத்தில் மூடிப் பைக்குள் வைத்ததை வீட்டில் எடுக்கும்போது கை சுடுகிறது என்றால் காரணம் இதுதான். காற்றே புகாத பைக்குள் பேட்டரி வெந்துகொண்டிருந்திருக்கிறது. பைக்குள் போகும் கணினியை 'ஹைபர்னேட்' செய்யுங்கள், அல்லது முழுக்க அணைத்துவிடுங்கள்.

முழுக்க இறக்கி ஏற்றும் பழைய வழக்கத்துக்கு ஒரே ஒரு பயன் மிஞ்சியிருக்கிறது. திரையில் தெரியும் விழுக்காடு நேரடியாக அளந்தது அல்ல; உள்ளே போன, வெளியே வந்த மின்சாரத்தை எண்ணிச் சொல்லும் மதிப்பீடு. நாளாக ஆக அதில் பிழை சேரும். 30 விழுக்காடு காட்டிக்கொண்டிருந்த கணினி பட்டென்று அணைந்தால், ஒரு முறை முழுக்க ஏற்றி இறக்கினால் கணக்கு சீராகலாம். இது அளவுமானியைத் திருத்தும் வேலைதான்; தேய்ந்த கலத்துக்கு மருந்தாகாது. உண்மை நிலையை அறிய விண்டோஸில் பேட்டரி அறிக்கை எடுக்கும் கட்டளை உண்டு. அதில் 'டிசைன் கெப்பாசிட்டி'க்கும் 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி'க்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அதுதான் இழப்பு.

இழப்பு பாதியை நெருங்கினால் மாற்றிவிடுவதே நல்லது. சென்னை ரிச்சி தெருவில் ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று விலையில் பேட்டரி கிடைக்கும். மலிவானதை எடுக்கும் முன், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 16046 எண்ணும் பதிவு எண்ணும் அதில் அச்சாகியிருக்கின்றனவா, தயாரித்த தேதி என்ன என்று பாருங்கள். விற்காமல் ஈராண்டு அலமாரியில் கிடந்த 'ஒரிஜினல்' பேட்டரியும் பாதி மூப்படைந்ததுதான். கழற்றிய பழையதைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது வைத்திருக்கின்றன. மாற்றித் தரும் கடையில் அதைப் பெற்றுக்கொள்வார்களா என்று கேட்டு ஒப்படையுங்கள்.

இவ்வளவையும் ஒவ்வொரு பயனாளரும் படித்துத் தெரிந்துகொண்டுதான் பேட்டரியைக் காக்க வேண்டும் என்பது நியாயமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டப்படி, 2027 பிப்ரவரி முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனாளரே கழற்றி மாற்றும்படி வடிவமைக்க வேண்டும். அங்கே சட்டம் செய்வதை இங்கே அரசுக் கொள்முதலே செய்யலாம். தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை மாணவர்களுக்கு வழங்கியது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கருவிகள் தரப்படும் என்று அறிவித்தது. இத்தனை லட்சம் கருவிகளை வாங்கும் கை, நிபந்தனை விதிக்கும் வலுவுள்ள கை. ஒப்பந்தப்புள்ளியில் மூன்று வரிகளைச் சேர்க்கட்டும்: 80 விழுக்காட்டு எல்லை தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில் வர வேண்டும், சாதாரணத் திருப்புளியால் பேட்டரியைக் கழற்ற முடிய வேண்டும், ஐந்து ஆண்டுகளுக்கு மாற்று பேட்டரி நியாய விலையில் கிடைக்க வேண்டும். கிடங்கில் காத்திருக்கும் மாதங்களில் பாதிச் சார்ஜில் வைப்பதற்கும் ஒருவரைப் பொறுப்பாக்கட்டும். மாணவர் கைக்குப் போகும் கணினி, அவர் படிப்பை முடிக்கும்வரையாவது சார்ஜர் இல்லாமல் நிற்க வேண்டும்.